வாசகர் கேள்வி – பதில்: ரிக்கார்டோ எழுதியதும், அவர் பெயரால் எழுதப்பட்டதும்

சென்ற இதழில் இறக்குமதி வரியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தடையற்ற வாணிகத்துக்கான வாதத்தை முறையாக வகுத்தவர் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இப்பக்கங்களை நிரப்பப் போதுமானவையாக இருப்பதால், இம்முறை வேறு பொருளைத் தொடவில்லை.

ரிக்கார்டோ கல்லூரியில் படித்தவர் அல்லர், பங்குத் தரகர் என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூல் இன்றும் பேசப்படுவது எப்படி?
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை*

நீங்கள் படித்தது சரிதான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து இலண்டனுக்குக் குடியேறிய யூதக் குடும்பத்தில் 1772இல் பிறந்த ரிக்கார்டோ, 14 வயதிலேயே தந்தையின் தரகுத் தொழிலில் சேர்ந்துவிட்டார். 21 வயதில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த பெண்ணை மணந்ததால் வீட்டாரின் உறவு முறிந்தது; பிறகு சொந்தமாகத் தொழில் நடத்திப் பெருஞ்செல்வர் ஆனார். 1799இல் பாத் நகரில் தங்கியிருந்தபோது ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ அவர் கையில் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1809இல், தங்கத்தின் விலையைப் பற்றி ‘மார்னிங் க்ரானிக்கிள்’ நாளிதழில் எழுதினார். பிரான்சுடன் நடந்த போரின் காரணமாக இங்கிலாந்து வங்கி 1797 முதல் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியிருந்தது. தங்கத்தின் விலை ஏறியதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, ஏறியது தங்கமன்று, அளவுக்கு மீறி அச்சிடப்பட்டதால் நோட்டுதான் இறங்கியது என்று அவர் வாதிட்டார். இன்று பணவீக்கம் பற்றிப் பேசும் எவரும் அந்த வாதத்தின் ஏதோ ஒரு வடிவத்தைக் கையாளாமல் இருப்பதில்லை.

1817இல் வெளிவந்த ‘அரசியல் பொருளாதாரம் மற்றும் வரிவிதிப்பின் கோட்பாடுகள்’ என்ற நூலை அவர் தாமாக எழுதியிருப்பாரா என்பதே ஐயம். நண்பர் ஜேம்ஸ் மில் விடாமல் நச்சரித்து எழுத வைத்தார். ஸ்மித்தைப் போல நடையழகு இல்லாத, கரடுமுரடான நூல் அது. ஆயினும் அது நிலைத்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஸ்மித் செல்வம் எப்படிப் பெருகுகிறது என்று கேட்ட இடத்தில், விளைந்த செல்வம் நிலவுடைமையாளர், முதலாளி, உழைப்பாளி ஆகிய மூவருக்கிடையே எப்படிப் பங்காகிறது என்பதைக் கண்டறிவதே இத்துறையின் தலையாய சிக்கல் என்று ரிக்கார்டோ தம் முன்னுரையிலேயே அறிவித்தார். மற்றொரு காரணம் அவருடைய முறை: உலகின் சிக்கல்களையெல்லாம் உரித்தெடுத்து, இரண்டு நாடுகள், இரண்டு பண்டங்கள், நான்கு எண்கள் என்று சுருக்கிக்கொண்டு, அதிலிருந்து முடிவுகளை வருவிப்பது. இப்போது ‘மாதிரி’ (model) என்று நாம் சொல்லும் அந்த முறையைப் பொருளியலில் வேரூன்றச் செய்தவர் அவர்தாம். அப்படிச் சுருக்கிய மாதிரியிலிருந்து நேராக அரசின் கொள்கைக்குத் தாவிவிடும் பழக்கத்துக்குப் பொருளியல் அறிஞர் ஷும்பீட்டர் பிற்காலத்தில் ‘ரிக்கார்டோவின் தீயொழுக்கம்’ என்று பெயரிட்டார். என் கணிப்பில் அந்தத் தீயொழுக்கம் ரிக்கார்டோவைவிட அவருடைய வாரிசுகளிடம் மிகுதி. அவர் போட்டுவைத்த நிபந்தனைகளை அவர்கள் வசதியாக உதிர்த்துவிட்டார்கள். கீழே வரும் பதில்களில் இதை மறுபடி மறுபடிச் சொல்ல நேரும், பொறுத்தருள்க.

நான் பின்னலாடை ஏற்றுமதி செய்பவன். கல்லூரியில் ஒப்பீட்டுச் செலவு நன்மைக் கோட்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். வேறு நாடுகள் எங்களைவிடக் குறைந்த விலைக்குத் தரும்போது அந்தக் கோட்பாடு எனக்கு எந்த வகையில் ஆறுதல்?
*– வாசகர், திருப்பூர்*

மனப்பாடம் செய்ததை ஒருமுறை கணக்காகப் போட்டுப் பார்த்துவிடுவோம். ரிக்கார்டோவின் நூலில் ஏழாம் அத்தியாயத்தில் வரும் எண்கள் இவை: குறிப்பிட்ட அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் வேண்டும், குறிப்பிட்ட அளவு திராட்சை மதுவைத் தயாரிக்க 120 பேர் வேண்டும்; போர்ச்சுக்கலில் அதே துணிக்கு 90 பேர், அதே மதுவுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்ச்சுக்கலே திறமைமிக்கது. இரு நாடுகளும் இரண்டையும் தாமே செய்துகொண்டால் மொத்தம் 390 பேரின் உழைப்பு செலவாகும். இங்கிலாந்து துணியை மட்டும் இருமடங்காக நெய்தால் 200 பேர், போர்ச்சுக்கல் மதுவை மட்டும் இருமடங்காகச் செய்தால் 160 பேர், ஆக 360 பேரில் வேலை முடிகிறது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று பண்டமாற்று செய்துகொண்டால் இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பும் போர்ச்சுக்கலுக்கு 10 பேரின் உழைப்பும் மிச்சம். எதிலும் முதலிடம் பெறாத நாட்டுக்கும் வாணிகத்தில் இடம் உண்டு என்பதும், எல்லாவற்றிலும் முதலிடம் பெற்ற நாடும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது வீண் என்பதும் இந்தக் கணக்கின் சாரம்.

சமூக அறிவியல்களில் உண்மையாகவும் அதே சமயம் வெளிப்படையாகத் தெரியாததாகவும் உள்ள ஒரு கூற்றைச் சொல்லுங்கள் என்று கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் சவால் விட்டபோது, பொருளியல் அறிஞர் பால் சாமுவேல்சன் சில ஆண்டுகள் யோசித்து இதைத்தான் விடையாகக் கொடுத்தார். ராபர்ட் டாரன்ஸ் 1815லேயே இதன் சாயலை எழுதியிருந்தார். ஆனால் எண்களோடு வந்தது ரிக்கார்டோவிடம்தான், பெயரும் அவருக்கே போயிற்று.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். இந்தக் கோட்பாடு நாட்டின் மொத்த உழைப்பு மிச்சமாவதைச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட தொழிலுக்கு அது எந்த உறுதியும் தரவில்லை. இங்கிலாந்தின் மது உற்பத்தியாளர் துணி ஆலைக்கு மாறும் நாள்வரை எதைச் சாப்பிடுவார் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. மேலும், முதல் (மூலதனம்) நாட்டு எல்லையைத் தாண்டி எளிதில் போகாது என்பது ரிக்கார்டோ வெளிப்படையாகவே வைத்த நிபந்தனை. செல்வந்தர்கள் தம் பொருளைக் கண்காணாத நாட்டில் போடத் தயங்குகிறார்கள், அந்த மனநிலை தளர்ந்தால் வருந்துவேன் என்றுகூட அவர் அதே அத்தியாயத்தில் எழுதினார். பாடநூல்களில் எண்கள் நிற்கின்றன, இந்த வாக்கியம் நிற்பதில்லை. இயந்திரம், முதல், வடிவமைப்பு மூன்றும் ஒரே பருவத்தில் இன்னொரு நாட்டுக்கு இடம்பெயரக்கூடிய ஆடைத் தொழிலில், கோட்பாட்டைச் சொல்லி உங்களுக்கு ஆறுதல் கூற வருபவர் இந்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரலாறும் அவ்வளவு வழவழப்பானதன்று. துணிக்கு மது என்ற ஏற்பாடு 1703இல் கையெழுத்தான மெத்வென் உடன்படிக்கையிலிருந்து வந்தது. ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் லிஸ்ட் 1841இல் வெளியிட்ட நூலில், அந்த உடன்படிக்கையால் போர்ச்சுக்கலின் துணித் தொழில் எழ முடியாமற்போனது என்று காட்டி, வளரும் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டார். அந்தப் பூசல் இன்றுவரை தீரவில்லை; இரு தரப்பும் ரிக்கார்டோவின் எண்களை வைத்துக்கொண்டே சண்டையிடுகின்றன.

எங்கள் பாராமகால் பகுதியில்தான் ரயத்துவாரி முறை தொடங்கியது என்பார்கள். அந்த முறை ரிக்கார்டோவின் வாரக் (நிலக் குத்தகைக்) கோட்பாட்டிலிருந்து பிறந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?
*– விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

தொடர்பு உண்டு, ஆனால் சொற்பொழிவாளர் சொன்ன வரிசை தலைகீழாக இருக்கிறது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் குடியானவருடன் நேரடியாக வரி பேசத் தொடங்கியது 1792இல். அப்போது ரிக்கார்டோ இருபது வயது இளைஞர், பொருளியல் எழுதும் எண்ணமே அவருக்கு இல்லை. கோட்பாடு பிறகு வந்து, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த முறைக்கு நியாயம் கற்பித்தது.

கோட்பாடு பிறந்த சூழலைச் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தானிய விலை உயர்ந்திருந்தது. போர் முடிந்ததும் அந்த விலையைக் காப்பாற்றிக்கொள்ள, நிலவுடைமையாளர் நிறைந்த பாராளுமன்றம் 1815இல் தானியச் சட்டத்தை இயற்றி, உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் (அக்காலத் தானிய அளவை) 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்தது. அதே ஆண்டில் ரிக்கார்டோ, மால்தூஸ், எட்வர்டு வெஸ்ட் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக வாரத்தைப் பற்றி எழுதினார்கள். முதல் தர நிலம் நாற்பது மூட்டை தருகிறது, அதே செலவில் இரண்டாம் தர நிலம் முப்பது மூட்டைதான் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை பெருகி, முப்பது மூட்டை நிலத்தையும் உழுதே ஆக வேண்டிய நிலை வந்தால், முதல் தர நிலத்தில் மிஞ்சும் பத்து மூட்டை அதன் உடைமையாளருக்கு வாரமாகப் போகும்; அவர் அதற்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டிருக்க மாட்டார். வாரம் கொடுப்பதால் தானிய விலை உயர்வதில்லை, தானிய விலை உயர்வதால்தான் வாரம் கொடுக்கப்படுகிறது என்பது ரிக்கார்டோவின் புகழ்பெற்ற வாக்கியம். புறவழிச்சாலை வந்ததும் உங்கள் ஊரில் ஏக்கர் விலை ஏறுகிறதே, அதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை. ஹென்றி ஜார்ஜ் 1879இல் நிலத்தின் மீது மட்டும் வரி போடுங்கள் என்று எழுப்பிய இயக்கமும், சுரங்கங்களின் உரிமத்தொகையைப் பற்றி இன்று நடக்கும் விவாதமும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மில். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் சேர்ந்து, 1830இல் தலைமைப் பரிசோதகராக உயர்ந்த அவருக்கு, இந்தியாவுக்குப் போகும் வருவாய்க் கடிதங்களை வரைவதே வேலை. உழைப்புக்கும் முதலுக்கும் உரியதைத் தள்ளியபின் எஞ்சுவது வாரம். வாரத்தை எடுத்துக்கொண்டால் உற்பத்தி கெடாது. இந்தியாவில் அரசே நிலவுடைமையாளர், எனவே வாரம் முழுவதும் அரசுக்கே உரியது என்பது அவருடைய தருக்கம். கம்பெனி அதிகாரிகள் பயின்ற ஹெய்லிபரி கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர் மால்தூஸ். அவரிடம் படித்த ஆர்.கே. பிரிங்கிள் என்ற அதிகாரி, 1820களின் இறுதியில் புனே பகுதியில் வயல் வயலாக அளந்து, விளைச்சலிலிருந்து சாகுபடிச் செலவைக் கழித்து, நிகர விளைவில் 55 விழுக்காட்டை வரியாக விதித்தார்.

தாளில் இது அப்பழுக்கற்ற ரிக்கார்டோ. வயலில் நடந்தது வேறு. ஒவ்வொரு மண்ணுக்கும் என்ன விளையும், மாட்டுக்கும் விதைக்கும் ஆளுக்கும் என்ன செலவாகும் என்ற ஆயிரக்கணக்கான விவரங்களைக் கீழ்நிலை எழுத்தர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கணக்கில் பொய்யும் கையூட்டும் புகுந்தன. வரி தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். 1835 முதல் இந்தாபூர் வட்டத்தில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற அதிகாரிகள் வரியைக் குறைத்து, கோட்பாட்டுக் கணக்கைக் கைவிட்டு, பழைய வசூலின் அனுபவத்தை வைத்துப் புதிய திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலவரித் திட்டம் ‘நிகர விளைவில் பாதி’ என்ற அளவுகோலையே ஏற்றது. அந்தக் கணக்கின் எச்சத்தை உங்கள் பகுதிப் பழைய நிலவரிப் பதிவேடுகளில் காணலாம்.

கோட்பாட்டின் பிழை எங்கே? முதலாளிக் குத்தகைதாரர் இலாபம் குறைந்தால் வேறு தொழிலுக்குப் போய்விடுவார் என்ற அடிப்படையில் ரிக்கார்டோவின் வாரம் கணக்கிடப்படுகிறது. குடியானவருக்குப் போக வேறு இடம் இல்லை; வயிற்றுக்கு வேண்டியதையும் விட்டுக்கொடுத்து நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் ‘எஞ்சியது’ என்று அரசு எடுத்துக்கொண்டதில் கூலியும் கலந்திருந்தது. ரிக்கார்டோவின் வாரம் உலகின் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும், இந்திய ரயத்துக்குப் பொருந்தாது என்று ரிச்சர்டு ஜோன்ஸ் 1831லேயே எழுதினார். மால்தூஸுக்குப் பின் ஹெய்லிபரியில் அதே நாற்காலியில் அமர்ந்தவர் அவர் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

காரல் மார்க்ஸ் ரிக்கார்டோவின் மாணவரா?
*– இளங்கலை மாணவி, யாழ்ப்பாணம்*

நேரில் அல்ல, ரிக்கார்டோ இறந்தபோது மார்க்ஸுக்கு ஐந்து வயது. ஆனால் நூல்வழியில் ஆம். ஒரு பண்டத்தின் மதிப்பு அதில் செலவான உழைப்பைப் பொறுத்தது என்று ரிக்கார்டோ தொடங்கி, முதல் ஈடுபடும் காலமும் இயந்திரத்தின் பங்கும் தொழிலுக்குத் தொழில் மாறுவதால் அந்த விதி சற்றுத் திரிகிறது என்று தாமே ஒப்புக்கொண்டார். கூலி உயர்ந்தால் இலாபம் குறையும் என்பதும் அவர் வாதமே. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் போன்றவர்கள் 1820களிலேயே உழைப்பாளிக்கு முழு விளைவும் உரியது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். மார்க்ஸ் அங்கிருந்து உபரி மதிப்புக்கு, அதாவது உழைப்பாளி உண்டாக்கியதில் கூலிபோக முதலாளிக்குச் சேரும் பகுதிக்கு, போனார். பங்குச் சந்தையில் பொருளீட்டி, கேட்கம்ப் பார்க் என்ற மாளிகையில் வாழ்ந்து, பாராளுமன்ற உறுப்பினராக இறந்த ஒருவரின் நூல் இப்படிப் பயன்பட்டதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மதிப்பை அளக்கும் மாறாத அளவுகோல் ஒன்றை அவர் கடைசிவரை தேடினார். 1823இல் இறக்கும் தறுவாயிலும் அதைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார், அது முடியவில்லை. அந்தக் கட்டுரையும் மில்லுக்கு அவர் எழுதிய கடிதங்களும் 1943இல் டப்ளின் அருகே ரஹேனியில் ஒரு வீட்டில், பூட்டிய தகரப் பெட்டியில் கிடைத்தன. 1930 முதலே ரிக்கார்டோவின் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்த இத்தாலியர் பியரோ ஸ்ராஃபா, அச்சேற இருந்த தொகுதிகளை நிறுத்தி மறுபடி ஒழுங்குபடுத்தினார். அந்தத் தேடலுக்கு அவர் தம் வழியில் கண்ட விடை 1960இல் ஒரு மெல்லிய நூலாக வந்து, முதலின் அளவை இலாப விகிதத்தைச் சாராமல் கணக்கிட முடியுமா என்ற பெரிய விவாதத்துக்கு வழிவகுத்தது.

செயற்கை நுண்ணறிவால் எங்கள் வேலை போகுமோ என்ற பேச்சு அலுவலகத்தில் எந்நேரமும் நடக்கிறது. அந்தக் காலத்துப் பொருளியல் அறிஞர்கள் இயந்திரத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?
*– மென்பொருள் பணியாளர், சென்னை*

ரிக்கார்டோ முதலில், இயந்திரம் எல்லோருக்கும் நன்மை என்ற பொதுக்கருத்தையே கொண்டிருந்தார். 1821இல் வந்த மூன்றாம் பதிப்பில், இயந்திரங்களைப் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்து, தம் கருத்து மாறிவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு முதலாளியிடம் 20,000 பவுன் இருக்கிறது. அதில் 13,000 பவுன் ஆண்டுதோறும் தொழிலாளரைத் தாங்கப் போகிறது. ஓராண்டு அவர் ஆட்களில் பாதிப் பேரை இயந்திரம் கட்டப் பணிக்கிறார். ஆண்டு முடிவில் அவருடைய இலாபம் குறையவில்லை, முதலும் குறையவில்லை. ஆனால் அந்த முதலின் ஒரு பெரும்பகுதி இயந்திரமாக உறைந்துவிட்டதால், அடுத்த ஆண்டு தொழிலாளரைத் தாங்க மிஞ்சுவது 5,500 பவுன்தான். முதலாளிக்கு நட்டமே இல்லாமல் தொழிலாளிக்கு வேலை போகிறது. இயந்திரம் தமக்குக் கேடு என்று தொழிலாளர் எண்ணுவது அறியாமையன்று, பொருளியல் கோட்பாட்டுக்கு ஒத்ததே என்று அவர் முடிவு கட்டியபோது, அவருடைய முதன்மைச் சீடரான மெக்கல்லக் மனம் நொந்துபோனார்.

அதற்காக இயந்திரத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. தடுத்தால் முதல் வெளிநாட்டுக்குப் போய்விடும், அது இன்னும் பெரிய கேடு என்றார். 2024இல் நோபல் பரிசு பெற்ற டேரன் அசெமோக்லுவும் சைமன் ஜான்சனும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதே ஆண்டு எழுதிய கட்டுரை இந்த அத்தியாயத்திலிருந்தே பாடம் எடுக்கிறது. உற்பத்தி பெருகினால் கூலியும் தானே பெருகும் என்று அலுவலகத்தில் யாராவது அடித்துச் சொன்னால், அந்த ‘தானே’ என்ற சொல்லுக்கு 1821லேயே மறுப்பு எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

‘ரிக்கார்டோவின் சமன்பாடு’ என்று அரசுக் கடனைப் பற்றிப் பேசுகிறார்களே, அது என்ன?
*– வாசகர், கோவில்பட்டி*

அரசு இன்று கடன் வாங்கினாலும் இன்றே வரி போட்டாலும் ஒன்றுதான். நாளை வரி வரும் என்று கணக்கிட்டு மக்கள் இன்றே சேமித்துவிடுவார்கள் என்பது அந்தக் கருத்து. 1974இல் ராபர்ட் பாரோ இதை நவீன வடிவில் எழுதினார். ரிக்கார்டோவின் பெயரை ஒட்டியவர் ஜேம்ஸ் புக்கானன். ரிக்கார்டோ 1820இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கு இருப்பது மெய்தான்: போருக்கு வேண்டிய 2 கோடி பவுனை ஒரே முறையில் வரியாகக் கொடுப்பதும், கடனாக்கி ஆண்டுக்கு 10 லட்சம் வட்டி கொடுத்துக்கொண்டே இருப்பதும் கணக்கில் சமம். ஆனால் அதை எழுதிய கையோடு, வரி கொடுப்போர் அப்படிக் கணக்கிடுவதில்லை, கடன் நம்மைச் சிக்கனமற்றவர்களாக ஆக்குகிறது என்றும் எழுதிவிட்டார். அவர் மறுத்ததற்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இந்திய ரூபாயின் வரலாற்றில் ரிக்கார்டோவுக்குப் பங்கு உண்டா?
*– வாசகர், திருநெல்வேலி*

உண்டு, பலரும் அறியாத பங்கு. நாட்டுக்குள் தங்க நாணயம் புழங்கத் தேவையில்லை; நோட்டை மொத்தமாகக் கொண்டுவருபவருக்குத் தங்கக் கட்டியைக் கொடுத்தால் போதும் என்பது ரிக்கார்டோவின் திட்டம். வங்காள வங்கியின் அதிகாரி ஏ.எம். லிண்ட்சே, 1892இல் ‘ரிக்கார்டோவின் நாணயமாற்று மருந்து’ என்ற பொருளில் தலைப்பிட்ட சிறு வெளியீட்டில் அதை ரூபாய்க்குப் பொருத்தினார்: உள்ளே வெள்ளி ரூபாயும் நோட்டும் புழங்கட்டும், வெளியே கொடுக்க இலண்டனில் தங்க இருப்பு இருக்கட்டும் என்றார். ரூபாயைப் பற்றி ஆராய 1898இல் அமைந்த ஃபௌலர் குழு அதை ஏற்கவில்லை. ஆனால் நடைமுறை மெல்ல மெல்ல அங்கேயே போய்ச் சேர்ந்தது. அதை விளக்கி 1913இல் இந்திய நாணயத்தைப் பற்றிய தம் முதல் நூலை எழுதியவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். பிற்காலத்தில் ரிக்கார்டோவின் செல்வாக்கைக் கடுமையாகச் சாடியவரும் அவரே.

ரிக்கார்டோவை நேரடியாகப் படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?
*– வாசகர், காரைக்குடி*

முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். மதிப்பைப் பற்றிய அந்த அத்தியாயத்தில் பலர் நூலையே மூடிவைத்துவிடுகிறார்கள். வாரத்தைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம், பிறகு அயல்நாட்டு வாணிகம், பிறகு இயந்திரங்கள் என்று போய்விட்டு, முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். அதற்கும் முன்னால், ஸ்ராஃபா பதிப்பில் 6 முதல் 9 வரையுள்ள கடிதத் தொகுதிகளில் மால்தூஸுடன் நடந்த வாதங்களைப் படிக்கலாம். தானியச் சட்டம், மதிப்பு, பொருள் விற்காமல் தேங்குதல் என்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருவரும் முரண்பட்டார்கள். 1815இல் வாட்டர்லூ போருக்குச் சற்று முன் அரசு கடன்பத்திரத்தில் ரிக்கார்டோ நண்பருக்காகவும் ஒரு பங்கு ஒதுக்கிவைக்க, மால்தூஸ் பயந்துபோய்ப் போருக்கு முன்பே விற்கச் சொல்லிச் சொற்ப இலாபத்தோடு ஒதுங்கிக்கொண்டார். 1823 ஆகஸ்ட் மாத இறுதியில், தம் இறப்புக்குச் சில நாட்களுக்கு முன், ரிக்கார்டோ மால்தூஸுக்கு எழுதிய கடைசிக் கடிதமும் மதிப்பின் அளவுகோலைப் பற்றியதுதான். இவ்வளவு வாதாடியும் அவரவர் கருத்து அவரவரிடமே நிற்கிறது, என் கருத்தோடு நீங்கள் உடன்பட்டிருந்தாலும் உங்களை இதைவிட அதிகமாக விரும்பியிருக்க மாட்டேன் என்று அதை முடித்திருக்கிறார்.